ஆலிவ் இலை கேப்ஸ்யூல்: டப்பாவில் எழுதாத ஒரு எண்

மருந்துகளின் தரம் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். எந்த டப்பாவை எடுத்தாலும் கண் முதலில் பின்பக்கம்தான் போகும். பிபிக்கு நல்லது என்று விற்கும் இந்த கேப்ஸ்யூலின் பின்பக்கத்தில் இருப்பது "ஆலிவ் இலை 500 மி.கி.", அவ்வளவுதான். அரைத்த பொடியா, சாறு இறக்கிக் காயவைத்ததா? சாறு என்றால், ஆலிவ் இலையில் வேலை செய்வதாகக் கருதப்படும் முக்கியப் பொருளான ஒலியுரோபீன் அதில் எத்தனை சதவீதம்? மூச்சே இல்லை.

உள்ளே மடித்து வைத்த தாளில் மட்டும் 2011-இல் வெளியான இந்தோனேசிய ஆய்வைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல ஆய்வுதான். ஆரம்பநிலை ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு ஆலிவ் இலைச் சாறு 500 மி.கி. தினம் இரண்டு வேளை, இன்னொரு குழுவுக்கு கேப்டோப்ரில் என்ற பிபி மாத்திரை. 8 வாரத்தில் மேல் எண் சராசரியாகச் சாறு குழுவில் 11.5, கேப்டோப்ரில் குழுவில் 13.7 குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட குழு அதில் இல்லை என்பதை இந்தத் தாள் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், அங்கே கொடுத்தது ஒலியுரோபீன் அளவு தரப்படுத்திய சாறு. அதைக் காட்டி இதை விற்பது, பக்கத்து பெஞ்சுக்காரன் மார்க்கைக் காட்டித் தனக்குப் பாஸ் கேட்பது மாதிரி.

ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து வெந்நீரில் கொட்டிக் கலக்கினேன். நீர் லேசாக மஞ்சளானது. பச்சைத் துகளும் நாருமாக முக்கால்வாசி அடியில் தங்கிவிட்டது. கசப்பு இருக்கிறது, இலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சாறாக இருந்தால் இத்தனை நார் வராது.

சரி, பிபி? தினமும் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி கையை மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, சராசரியை எழுதி வந்தேன். கேப்ஸ்யூலுக்கு முந்தைய எண்களும் பிந்தைய எண்களும் கலந்தே கிடக்கின்றன. தேதியை மறைத்து நோட்டைக் காட்டினால் எது எப்போது எழுதியது என்று எனக்கே பிரிக்கத் தெரியாது.

இதுவரைகூடப் பொறுத்துக்கொள்வேன். "மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம்" என்று அதே தாளில் ஒரு வரி இருக்கிறதே, அதுதான் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் யாரும் பிபி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மாத்திரையோடு இதையும் சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒலியுரோபீன் எத்தனை சதவீதம் என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். "எங்கள் தயாரிப்பு நூறு சதவீதம் இயற்கையானது" என்று பதில் வந்தது. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் மூடி நன்றாக இறுகுகிறது என்பதற்காக.