முதுகெலும்பில் சிமென்ட்: ஒன்று சரியானது, அடுத்தது உடைந்தது

அம்மாவுக்கு எலும்புப்புரை. ஒரு தும்மலில் முதுகெலும்பு ஒன்று நசுங்கிவிட்டது, வெர்டிப்ரோபிளாஸ்டி செய்துகொண்டோம். குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக எலும்புக்குள் சிமென்ட்டைச் செலுத்துகிறார்கள். மறுநாளே அம்மா தானாக எழுந்து உட்கார்ந்தார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாவது வாரம் வலி திரும்பியது. சிடி ஸ்கேன் எடுத்தால், சிமென்ட் வைத்த எலும்புக்கு நேர் மேலே இருப்பது உடைந்திருக்கிறது, நடுவில் உள்ள டிஸ்க்குக்குள் கொஞ்சம் சிமென்ட் கசிந்து வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. அப்படிக் கசிந்தால் பக்கத்து எலும்புக்கு ஆபத்து கூடலாம் என்று அப்புறம்தான் சொன்னார்கள். சரி, சிமென்ட்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எலும்புப்புரையில் ஒன்று உடைந்தாலே, ஊசி போடாவிட்டாலும், அடுத்தது உடைய வாய்ப்பு அதிகம்தான். என் கோபமே அங்கேதான்: அது தெரிந்தும் எலும்பை வலுவாக்கும் மருந்து எதையும் தொடங்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் சிமென்ட் செலுத்தாமல் செலுத்துவதுபோல் மட்டும் செய்யும் போலிச் சிகிச்சையைவிட வெர்டிப்ரோபிளாஸ்டி வலியைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்பதைப் பற்றியும் யாரும் வாயே திறக்கவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அந்த இரண்டும் நர்ஸுகளுக்கு.