632004-ஆ, 632014-ஆ?

வேலூர்க்காரர்களுக்கு இரண்டுமே பழகிய அஞ்சல் குறியீடுகள். முதலாவது சிஎம்சி மருத்துவமனை முகவரியில் வரும். இரண்டாவது காட்பாடி பக்கம், விஐடி பல்கலைக்கழக முகவரியில். இடைவெளி வெறும் பத்து. குணம்தான் வேறு. பகாக் காரணிகளாகப் பிரிப்பதை வகுப்பில் கரும்பலகையில் காட்ட இரண்டில் எது நல்லது என்பதுதான் கேள்வி.

632004-இன் கடைசி இரு இலக்கம் 04, அதனால் நான்கால் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 15, மூன்றாலும் வகுபடும். 12 × 52667 என்று நொடியில் பிரித்துவிடலாம். அப்புறம்தான் வேலையே. 52667 பகா எண் என்று உறுதிசெய்ய, 229 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்; அவை மொத்தம் 50. தாளும் பொறுமையும் தீர்ந்துபோகும்.

632014 நேர்மாறு. இரண்டை எடுத்ததும் 316007 முரண்டு பிடிக்கிறது: 3, 7, 11, 13 எதற்கும் மசியாது. 43-இல்தான் உடைகிறது. ஈவு 7349; அது பகா எண் என்று காட்ட 83 வரை போனால் போதும்.

வகுத்திகள் முதலாவதற்கு 12, இரண்டாவதற்கு 8. தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 632004-க்கு 842700 வருகிறது. எண்ணையே மிஞ்சுவதால் இது மிகை எண். (ஆறைவிடப் பெரிய ஆறின் மடங்கு எதுவானாலும் இப்படித்தான், பெரிய அதிசயமில்லை.) 632014-க்கு 338186 மட்டுமே, ஆகவே குறை எண்.

வகுப்பில் கரும்பலகையில் போட என்றால் என் ஓட்டு 632014-க்கே. 43 அகப்படும் அந்தக் கணம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வகுபடும் விதிகளை மட்டும் சொல்லித்தர 632004 போதும்.