சனிக்கிழமை வகுப்பும் திங்கட்கிழமை மீட்டிங்கும்: ஓர் ஆன்லைன் எக்ஸிகியூட்டிவ் படிப்பு எனக்கு என்ன தந்தது

பதினாறு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்துவிட்டு, போன வருடம்தான் ஆலையின் செயல்பாட்டு மேலாளராக ஆனேன். பம்பு ஏன் அதிர்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே என்னால் சொல்ல முடியும். ஆனால் முதல் மாத மீட்டிங்கில் நிதிப் பிரிவுத் தலைவர், "நம்ம வொர்க்கிங் கேப்பிட்டல் எல்லாம் உங்க ஸ்டோர்ஸ்லதான் முடங்கிக் கிடக்கு மேடம்" என்றபோது எனக்குப் பேச வாய் வரவில்லை. அன்றாடத் தொழிலை ஓட்ட வேண்டிய பணம் என் உதிரி பாகக் கிடங்கில் பொருளாக அடைந்து கிடக்கிறது என்று அர்த்தம். அவர் சொல்வது தவறு என்று மனசுக்குப் பட்டது. அதை எடுத்துக்காட்ட என்னிடம் ஓர் எண்கூட இல்லை.

அந்த வாரமே தேட ஆரம்பித்தேன். ஒரு மேலாண்மைப் பள்ளி முழுக்க ஆன்லைனில் நடத்தும் ஆறு மாதப் படிப்பில் சேர்ந்தேன். நிதி, உற்பத்தி, சப்ளை செயின், கொஞ்சம் பேச்சுவார்த்தைக் கலை என்று பாடங்கள். முடித்து நாலு மாதம் ஆகிறது. வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு இதில் சேரலாமா என்று யோசிப்பவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

சேர்க்கையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு. என்னை அழைத்துப் பேசியவர் அந்தப் பள்ளியின் ஊழியரே இல்லை. விளம்பரம், சேர்க்கை, பாடத் தளம் எல்லாவற்றையும் பள்ளிக்காக நடத்தித் தரும் ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருப்பவர். ஆன்லைன் எக்ஸிகியூட்டிவ் படிப்புகளில் இந்த ஏற்பாடு மிகச் சாதாரணம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை. "இன்னும் மூணு இடம்தான் இருக்கு, இன்னிக்கே கட்டிடுங்க" என்று ஒரே வாரத்தில் மூன்று முறை சொன்னதுதான் குறை. வகுப்பு தொடங்கியபோது நாங்கள் 170 பேருக்கு மேல் இருந்தோம். இடம் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் நாலு. பேராசிரியர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நேரடி வகுப்புக்கு வருவார்? அசைன்மென்டைத் திருத்துவது யார்? வீடியோக்கள் எத்தனை மாதத்துக்குத் திறந்திருக்கும்? நடுவில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? பணம் கட்டும் முன் இவற்றுக்கு மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமான பதில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்னது போனோடு போய்விடும்.

இன்னொன்று, இது எம்பிஏ பட்டம் கிடையாது. கடைசியில் கிடைப்பது படிப்பை முடித்ததற்கான சான்றிதழ். பட்டப்படிப்புக்கான கிரெடிட்டாக அதை எடுத்துக்கொள்வார்களா, பழைய மாணவர் என்ற தகுதி முழுதாகக் கிடைக்குமா என்பதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். பதவி உயர்வுக்குக் காகிதம்தான் வேண்டும் என்றால், அந்தக் காகிதத்தை யார் மதிப்பார்கள் என்று உங்கள் மேலதிகாரியிடமே கேட்டுவிடுங்கள். எனக்கு அந்த மீட்டிங்கில் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை.

வாரத்தில் வீடியோக்கள், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன வினாக்கள், சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஜூமில் நேரடி வகுப்பு, ஞாயிறு நள்ளிரவுக்குள் அசைன்மென்ட். வாரம் நாலிலிருந்து ஆறு மணி நேரம் போதும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நிதிப் பாட வாரங்களில் எனக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. கணக்கியல் தெரிந்தவர்களுக்குக் குறைவாக ஆகியிருக்கலாம். ஷிஃப்ட் தொடங்கும் முன் காலை ஐந்திலிருந்து ஆறரை வரைதான் என் படிப்பு நேரம். இரவில் வைத்துக்கொண்ட முதல் இரண்டு வாரமும் வீடியோ ஓடியது, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

வீடியோவைப் பற்றி ஒரு விஷயம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். புதன்கிழமை கேட்டால் பாதி இருக்காது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்த பிறகு என் முறையை மாற்றினேன். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்பது அதன் முடிவு. அதிலிருந்து ஒவ்வொரு வீடியோவுக்குப் பிறகும் லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எழுதினேன். எழுத வராத இடத்தை மட்டும் மறுபடி பார்த்தேன். அந்தத் தாள்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

ரொக்கச் சுழற்சி பற்றிய அசைன்மென்ட் எட்டாவது வாரம் வந்தது. மூலப்பொருளுக்கு நாம் கொடுத்த பணம் எத்தனை நாள் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வருகிறது என்ற கணக்கு அது. சரக்கு கையிருப்பில் கிடக்கும் நாட்களோடு, விற்ற பிறகு பணம் வரக் காத்திருக்கும் நாட்களைக் கூட்டி, சப்ளையருக்கு நாம் தள்ளிக் கொடுக்கும் நாட்களைக் கழிக்க வேண்டும். சொந்தக் கம்பெனியின் எண்களை வைத்தே செய்யச் சொன்னார்கள். கம்பெனிக் கணக்கை வெளித் தளத்தில் ஏற்றலாமா என்று தயங்கி எங்கள் எம்டியிடம் அனுமதி கேட்டேன். எல்லாத் தொகையையும் ஒரே எண்ணால் பெருக்கிப் போடுங்கள், விகிதம் மாறாது என்றார். நல்ல யோசனை, நீங்களும் செய்யலாம். எத்தனை மடங்கு பெருக்கினாலும் நாட்கணக்கு அப்படியேதான் வரும்.

எனக்கு வந்த விடை: கையிருப்பு 72 நாள், வசூல் 61 நாள், சப்ளையர் கடன் 27 நாள். ஆக 106 நாள். முழு மதிப்பெண் கிடைத்தது. "நன்று, தெளிவான விளக்கம்" என்று ஒரு வரிக் குறிப்பும் இருந்தது. திருத்தியவர் பேராசிரியர் இல்லை, பாட உதவியாளர். இன்னும் இரண்டு பேருக்கு அதே வரி வந்திருந்தது என்று குழுவில் பேசியபோது தெரிந்தது.

திங்கட்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நிதித் தலைவரின் அறைக்குப் போனேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"இந்த 72 வர எதால வகுத்தீங்க மேடம்?"

"வருட விற்பனையால, சார்."

"வசூலுக்கு அது சரி. ஸ்டாக்குக்கும் சப்ளையர் கடனுக்கும் விற்பனையை எடுக்கக் கூடாது, விற்ற சரக்கோட அடக்கச் செலவைத்தான் எடுக்கணும். ஸ்டாக் நம்ம புத்தகத்துல அடக்க விலைலதானே இருக்கு?"

எங்கள் அடக்கச் செலவு, அதாவது விற்ற சரக்கைத் தயாரிக்க ஆன செலவு, விற்பனையில் முக்கால் பங்கு. திருத்திப் போட்டால் கையிருப்பு 96 நாள், சப்ளையர் கடன் 36 நாள், மொத்தம் 121. முழு மதிப்பெண் வாங்கிய விடையில் பதினைந்து நாள் பிழை. கட்டணம் வாங்கிய இடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்குக் கோபம்தான், பள்ளிக்கு எழுதியும் போட்டேன். ஆனால் அன்று அந்த அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. 96 நாளில் உதிரி பாகங்களின் பங்கு என்ன, மூலப்பொருளின் பங்கு என்ன என்று பிரித்தோம். என் ஸ்டோர்ஸில் முடங்கியது இருந்தது உண்மை, இரண்டு வருடமாக யாரும் தொடாத பாகங்கள் அலமாரி அலமாரியாக இருந்தன. அதைவிடப் பெரியது விற்பனைப் பிரிவு முன்கூட்டியே செய்யச் சொல்லி அடுக்கி வைத்த முடிந்த சரக்கு. அவர் சொன்னதில் பாதி சரி, என் மனசு சொன்னதிலும் பாதி சரி.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இந்தப் படிப்பின் மதிப்பு எனக்கு அந்த அறையில்தான் கிடைத்தது. அலுவலகத்தில் உங்கள் தாளைப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் சேரும் முன் அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பீர் கேம். மேலாண்மை படித்தவர்களுக்குப் பழகிய விளையாட்டு இது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் தொடங்கிய, ஓர் அமைப்பின் பகுதிகள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று ஆராயும் சிஸ்டம் டைனமிக்ஸ் துறையிலிருந்து வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று பீர் பெட்டிகளைக் கைமாற்றும் நாலு பேர். ஒவ்வொருவரும் வாரம் ஒரு ஆர்டர் மட்டும் கொடுக்கலாம், பேசக் கூடாது. ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வரவும் தாமதம் உண்டு. கையிருப்புக்குச் செலவு, கொடுக்க முடியாமல் நிலுவை வைத்தால் அதைப்போல இரண்டு மடங்கு செலவு.

ஆன்லைன் வடிவத்தில் அவரவர் திரை மட்டும்தான் தெரியும். எங்கள் குழுவில் மருந்து விநியோகத்தில் இருப்பவர், ஒரு மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி, மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர், நான். எனக்கு ஆலை. ஆரம்பத்தில் வாரம் நாலு பெட்டி என்று வந்த ஆர்டர் ஏறத் தொடங்கி முப்பதைத் தாண்டியது. மூச்சுப் பிடித்துக்கொண்டு உற்பத்தியைக் கூட்டினேன். சரக்கு வந்து குவிந்தபோது ஆர்டர் பூஜ்யமாகி, வாரக்கணக்கில் பூஜ்யமாகவே இருந்தது. வாடிக்கையாளர் தாறுமாறாக வாங்குகிறார் என்று சத்தியமே செய்திருப்பேன். ஆட்டம் முடிந்து பேராசிரியர் வரைபடத்தைக் காட்டினார். வாடிக்கையாளர் ஐந்தாவது வாரம் நாலிலிருந்து எட்டுக்கு மாறினார், ஒரே ஒரு முறை. அதன்பின் கடைசிவரை எட்டுதான். மீதி அத்தனை ஆட்டத்தையும் உண்டாக்கியது நாங்கள் நாலு பேர்.

சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி எப்படிச் சுழன்றடிக்குமோ அப்படி. அதனால்தான் இதற்கு புல்விப், அதாவது சாட்டை, விளைவு என்று பெயர். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஹாவ் லீயும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் இதற்கு நாலு காரணங்களை எழுதினார்கள்: வரும் ஆர்டரை வைத்தே தேவையைக் கணிப்பது, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, விலை ஏறி இறங்குவது, தட்டுப்பாடு வரும் என்று பயந்து கூடுதலாகக் கேட்பது. கடைசிக் காரணத்தைப் படித்தபோது எங்கள் ஸ்டோர்ஸ் கண்முன் வந்தது. சப்ளையர் பேரிங் தாமதம் என்றதும் நாங்கள் இரண்டு மடங்கு ஆர்டர் போடுகிறோம். ஆர்டர் குவிந்ததைப் பார்த்து அவர் தாமதத்தை இன்னும் நீட்டுகிறார். உடனே நாங்கள் மூன்று மடங்கு. இப்போது அந்த சப்ளையருக்கு எங்கள் பராமரிப்பு அட்டவணையையே ஆறு மாதத்துக்கு முன்கூட்டி அனுப்பிவிடுகிறேன். எந்த மாதம் எந்த இயந்திரத்தை நிறுத்தப் போகிறோம் என்று அவருக்கே தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சுவார்த்தைப் பாடம் நன்றாக இருந்தது, ஆனால் இரண்டே வாரம். தலைமைப் பண்பு வாரங்களில் புதிதாக எதுவும் இல்லை. விவாதப் பலகையில் வாரம் 150 சொல் கட்டாயம் எழுத வேண்டும் என்ற விதி நேர விரயம், மதிப்பெண்ணுக்காக எல்லோரும் ஒரே கருத்தையே மாற்றி மாற்றி எழுதினோம். நேரடி வகுப்பில் 170 பேர் இருக்கும்போது கேள்வி கேட்க முடிவதில்லை. வெளிநாட்டில் இருந்த சிலருக்கு அந்த நேரம் விடியற்காலை, கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசி புராஜெக்ட்டுக்கு ஐவர் குழுவில் இரண்டு பேர் தலையைக்கூடக் காட்டவில்லை. புகார் செய்தும் அவர்களுக்கும் அதே மதிப்பெண்தான். ஷிகாகோ பல்கலைக்கழகம் வேலையில் இருப்பவர்களுக்கான எம்பிஏவை 1943-இலேயே தொடங்கிவிட்டது. அங்கே பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வகுப்புக்கு வராமல் சமாளித்திருக்க முடியாது. திரையில் அது சுலபம். குழு அமைக்கும்போதே வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் பேசுவது என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த பீர் கேம் குழுவின் மற்ற மூவரோடு நான் இன்னும் பேசிக்கொண்டிருப்பது அப்படி வைத்துக்கொண்டதால்தான்.

வரும் மாதத்தோடு பாடத் தளம் எனக்கு மூடப்படுகிறது. நிதித் தலைவரிடம் பீர் கேமைப் பற்றிச் சொன்னதிலிருந்து, நம் ஆட்களுக்கும் வைக்கலாமே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கணினி வேண்டாம், காகிதமும் வில்லைகளும் போதும். கேண்டீன் மேசைகளை ஒரே வரிசையாகப் போட்டு ஸ்டோர்ஸ், கொள்முதல், உற்பத்தி, விற்பனை என்று நாலு பிரிவிலிருந்தும் ஆட்களை உட்காரவைக்கப் போகிறோம். பெட்டியில் இருக்கும் பொருளை மட்டும் பேரிங் என்று மாற்றியிருக்கிறேன். வாடிக்கையாளர் சீட்டுகளை நானே எழுதி முடித்துவிட்டேன்: முதல் நாலு வாரத்துக்கு நாலு, ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டு.