வாக்கிட்டாவா, ரைட் திமிங்கிலமா: யாருக்கு நெருக்கடி அதிகம்?

இரண்டையும் இன்று யாரும் குறிவைத்து வேட்டையாடுவதில்லை. ஆனாலும் நம் வலையிலும் கயிற்றிலும் சிக்கித்தான் சாகின்றன.

டால்பினுக்கு நெருங்கிய உறவான சிறு கடல் பாலூட்டி வாக்கிட்டா. அது மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில், அதுவும் வடகோடியில் மட்டும் வாழ்கிறது. ஒன்றரை மீட்டர் நீளம்; கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு வளையம். 1997-இல் ஏறக்குறைய 570 இருந்தன, இப்போது பத்துக்கு முன்பின். மீனவர்கள் தேடுவது டொட்டோவாபா மீனை. அதன் காற்றுப்பைக்குச் சீனக் கள்ளச்சந்தையில் ஏகப்பட்ட விலை. இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன் என்பதால், மீனுக்கு விரித்த செவுள் வலை வாக்கிட்டாவையும் பிடித்துவிடும். மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிவிடும். சரி, பிடித்துப் பாதுகாக்கலாமே? 2017-இல் முயன்றார்கள். பிடிபட்ட பெண் வாக்கிட்டா இறந்துபோக, அத்தோடு கைவிட்டார்கள்.

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் 15 மீட்டர் வரை வளரும்; மிஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவு. ஒரு பக்கம் கப்பல் மோதல். அதைக் குறைக்க அமெரிக்கா 2008 முதல் சில பகுதிகளில், பருவம் பார்த்து, 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேக வரம்பு வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், சிங்கி இறால் கூண்டிலிருந்து மிதவைக்குப் போகும் கயிறு. வாயிலும் துடுப்பிலும் சுற்றிய கயிற்றை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே அலையும். ஒலி சமிக்ஞை கொடுத்தால் மட்டும் மிதவை மேலெழும் கூண்டுகள் வந்துவிட்டன, விலைதான் இடிக்கிறது.

எண்ணிக்கைப்படி வாக்கிட்டாதான் விளிம்பில். ஆனால் அங்கே அகற்ற வேண்டியது ஒரு சின்ன மூலையில் விரிக்கும் ஒரே வகை வலை. திமிங்கிலம் போகும் வழியிலோ, கரை நெடுகக் கயிறுகள்.