சம்டர் கோட்டைப் படகுப் பயணம்: முதலில் கரையைப் பாருங்கள்

படகு புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டனிலிருந்து சம்டர் கோட்டைக்குப் போக விரும்புகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். பெரியவர்களுக்கு டிக்கெட் முப்பது டாலருக்கு மேல். போக அரை மணி, கோட்டையில் ஒரு மணி, திரும்ப அரை மணி. இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு நேராகப் படகுக்கு ஓடினால், அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அது ஏன் தொடங்கியது என்பது கரையிலேயே நின்றுவிடும். படகுத்துறையை ஒட்டி, லிபர்ட்டி சதுக்கத்தில், தேசியப் பூங்காத் துறையின் கண்காட்சிக் கூடம் இருக்கிறது. அனுமதி இலவசம். எங்களோடு படகில் வந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் கால் வைக்கவில்லை.

நான் கோவில்பட்டிக்காரன். முப்பத்து நான்கு ஆண்டுகள், பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஜின்னிங் ஆலையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தபோது, பேரனுக்குப் பள்ளியில் இந்தப் போர்தான் பாடம் என்பதால் எல்லோருமாகக் கிளம்பினோம். கண்காட்சியில் பருத்தியைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் என் கால்கள் நகர மறுத்துவிட்டன.

1793இல் எலி விட்னி செய்த ஜின் எந்திரம் எப்படிச் சுற்றும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்நாட்டு நிலத்தில் விளைகிற குட்டை இழைப் பருத்தியில் பஞ்சு கொட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு ஆள் நாள் முழுவதும் உட்கார்ந்து கையால் பிய்த்தால் ஒரு ராத்தல் பஞ்சு தேறும். எந்திரத்தில் ஐம்பது ராத்தல் வரும். இப்படி வேலை குறைந்தால் அடிமைகளின் தேவையும் குறைந்திருக்கும் என்று தோன்றும். நடந்தது நேர் எதிர். குறைந்தது கொட்டை பிரிக்கிற வேலை மட்டும்தான். உழவும் களையெடுப்பும் பருத்தி எடுப்பும் அப்படியே இருந்தன. எந்திரம் எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும் என்றானதும், விளைச்சலைப் பெருக்க இன்னும் நிலம், இன்னும் ஆட்கள் என்று தெற்கு அலைந்தது. 1790இல் அந்த நாட்டில் ஏறக்குறைய 7 லட்சம் அடிமைகள். 1860இல் 39 லட்சத்துக்கும் மேல். தென் கரோலினாவில் மட்டும், மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். என் வாழ்நாள் முழுவதும் சோறு போட்ட எந்திரத்துக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு என்பதை அறுபத்தேழு வயதில் ஒரு சுவர்ப் பலகையின் முன் நின்று தெரிந்துகொண்டேன். மகள் வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த பகுதி அரசியல். சட்டங்களும் ஆண்டுகளுமாக இருப்பதால் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பேரனுக்கு நான் எங்கள் ஆலை வழக்கத்தை வைத்துச் சொன்னேன். பஞ்சை அழுத்திப் பேல் கட்டும்போது சுற்றிலும் பட்டை போடுவோம். ஒரு பட்டை அறுந்தால் பேல் தாங்கும். இரண்டு அறுந்தால் ஒரு பக்கம் பிதுங்கும். அடுத்தடுத்து அறுந்தால் பேல் வெடித்துக் கிளம்பும், யாராலும் பிடிக்க முடியாது. இந்த நாட்டில் முதலில் அறுந்தவை தேவாலயங்கள். அடிமை முறை சரியா தவறா என்று மெதடிஸ்டுகள் 1844இலும் பாப்டிஸ்டுகள் 1845இலும் வடக்கு, தெற்கு என்று பிரிந்தார்கள். 1820இல் மிசௌரி விவகாரத்தில் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். மெக்சிகோவிடமிருந்து பிடித்த நிலத்தை என்ன செய்வது என்பதில் மறுபடியும் சண்டை. 1850இல் மற்றொரு சமரசம். 1854இல் கான்சாஸ், நெப்ராஸ்கா சட்டம் வரைபடத்தில் போட்ட அந்தப் பழைய கோடு இனிச் செல்லாது என்று ஆக்கிவிட்டு, அந்தந்தப் பகுதி மக்கள் வாக்களித்து முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. இரு தரப்பும் துப்பாக்கியோடு கான்சாஸுக்குக் குடியேறின. வடக்கு, தெற்கு இரண்டையும் தாங்கிக்கொண்டிருந்த விக் என்ற தேசியக் கட்சி அந்தச் சட்டத்தோடு சிதைந்துபோனது.

1856 மே மாதம் நடந்ததைப் படித்தபோது பேரன் நம்பவில்லை. அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரை, அவை மண்டபத்தில் தம் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோதே, தென் கரோலினாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் மண்டை உடையும்வரை அடித்தார். அடித்த தடி முறிந்தது. தெற்கிலிருந்து பலர் அவருக்குப் புதுத் தடிகள் வாங்கி அனுப்பினார்கள். "தாத்தா, அவரைத் தண்டிக்கவே இல்லையா?" என்று கேட்டான். அபராதம் கட்டினார், பதவி விலகினார், அவர் தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்துக் காட்டினேன். அன்று மதியம் வரை அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

இங்கே ஒரு குறையைச் சொல்ல வேண்டும், அது படகைப் பற்றியது அல்ல. முந்தைய நாள் நகரத்தில் பணம் கட்டி ஒரு வழிகாட்டியோடு நடைச்சுற்றுலா போனோம். இனிமையாகப் பேசினார், வீடுகளின் இரும்புக் கதவுகளைப் பற்றி நிறையத் தெரிந்து வைத்திருந்தார். ஆனால் போரைப் பற்றிக் கேட்டதும், இறக்குமதி வரியும் மாநில உரிமையும்தான் காரணம், அடிமை முறை பின்னால் ஒட்டிக்கொண்ட விஷயம் என்றார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. கரைக் கண்காட்சியில் தெரிந்தது. 1860 டிசம்பரில் பிரிந்துபோனதும் தென் கரோலினா தன் காரணங்களை அச்சிட்டு வெளியிட்டது. தப்பி ஓடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் திருப்பித் தரவில்லை, அதற்கு எதிராகத் தங்கள் சட்டமன்றங்களில் சட்டம் போடுகின்றன, அடிமை முறைக்குப் பகையான கருத்துடைய ஒருவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்பவைதான் அதிலுள்ள புகார்கள். வட மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் தாங்களே போட்டுக்கொண்டதைக் குற்றமாகச் சொல்கிறது அந்த அறிக்கை. மாநில உரிமைக்காகப் பிரிந்தவர்கள் அப்படி எழுதுவார்களா? பணம் வாங்கிக்கொண்டு வரலாறு சொல்கிறவர் தம் ஊரிலேயே அச்சான தாளையாவது படித்திருக்க வேண்டும். அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதே நடையில் அவர் சொல்லாமல் கடந்த ஓர் இடம் மீட்டிங் தெருவில் இருக்கிறது. சர்க்குலர் தேவாலயத்துக்குப் பக்கத்தில் தென் கரோலினா இன்ஸ்டிடியூட் மண்டபம் இருந்தது. 1861 டிசம்பர் தீ விபத்தில் அது எரிந்துவிட்டது. 1860 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அங்கேதான் கூடியது. புதிய பகுதிகளில் அடிமைச் சொத்துக்கு மைய அரசே காவல் நிற்க வேண்டும் என்று தெற்கின் பிரதிநிதிகள் கேட்டார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் மறுத்தார்கள். அலபாமாக்காரர்கள் முதலில் எழுந்து வெளியேற, ஆழ்தெற்கு எனப்படும் தென்கோடியின் மற்ற மாநிலத்தவர் பின்னாலேயே போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஐம்பத்தேழு முறை வாக்களித்தும் வடக்கின் ஆள் ஸ்டீபன் டக்ளஸுக்கு, வேட்பாளராகத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. கட்சி இரண்டாகி, இரண்டு வேட்பாளர்கள் நின்றார்கள். ஏறக்குறைய நாற்பது சதவீத வாக்குகளோடு குடியரசுக் கட்சியின் லிங்கன் வென்றார். அந்த ஏப்ரல் கூட்டத்துக்கு எட்டு மாதம் கழித்து, டிசம்பர் 20 இரவு, அதே மண்டபத்தில் 169 பேர் கையெழுத்திட்டு மாநிலத்தை ஒன்றியத்திலிருந்து பிரித்துக்கொண்டார்கள். பேலின் கடைசிப் பட்டை அறுந்தது அந்த மண்டபத்தில்தான் என்று நினைக்கிறேன். பீரங்கிச் சத்தம் அதற்குப் பிறகு வந்தது. ஐந்து நிமிடமாவது அந்த இடத்தில் நின்றுவிட்டு வாருங்கள்.

இனி படகு. மேல்தளத்தில் உட்காருங்கள். வெயில் கடுமை, தொப்பியும் தண்ணீரும் அவசியம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம், அங்கேயும் ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிகிறது. படகு போகிற அதே நீரில்தான், 1862 மே 13 விடியுமுன், ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி தன் மனைவி மக்களையும் சக அடிமைகளையும் ஏற்றிக்கொண்டு பிளான்டர் என்ற நீராவிக் கப்பலை ஓட்டிப்போனார். கப்பல் தலைவனின் தொப்பியை அணிந்துகொண்டு, அப்போது தெற்கின் கையில் இருந்த சம்டர் கோட்டையைக் கடக்கும்போது கொடுக்க வேண்டிய ஊதல் குறியைச் சரியாகக் கொடுத்து, வெளியே காத்திருந்த வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அந்த முற்றுகைக் கப்பல்கள் தெற்கின் பருத்தியை வெளியே விடாமல் அடைத்ததால்தான் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. தூத்துக்குடி வழியாகப் போன திருநெல்வேலிப் பருத்திக்கு அந்த ஆண்டுகளில் விலை ஏறியது, போர் முடிந்ததும் விழுந்தது. எங்கள் கரிசல் காட்டுக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் உள்ள கணக்கு அது.

கோட்டையைப் பார்த்ததும் பலருக்கு ஏமாற்றம் வரும். மூன்று அடுக்காக எழுந்து நின்ற சுவர்கள் போரின்போது இடிந்து மண்மேடாகிவிட்டன. மிஞ்சியிருப்பது கீழ் அடுக்குதான். நடுவில் கருப்பாகத் தெரிகிற கான்கிரீட் கட்டுமானம் 1890களின் இறுதியில் கட்டியது, இந்தப் போரோடு அதற்குத் தொடர்பில்லை. பூங்காத் துறைப் பெண் அலுவலர் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பத்து நிமிடப் பேச்சில் அவர் அடிமை முறையில் தொடங்கி அடிமை முறையில் முடித்தார், சுற்றி வளைக்கவில்லை. 1861இல் ஒன்றிய அரசுக்காகக் கோட்டையைக் காத்த தலைவர் மேஜர் ராபர்ட் ஆண்டர்சன் கென்டக்கியில் பிறந்தவர், அடிமை முறைக்கு எதிரானவரும் அல்லர். எதிரே பீரங்கி வைத்திருந்த தெற்கின் தளபதி போரிகார்ட், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அவரிடமே பீரங்கிப் பாடம் படித்தவர். உள்ளே எண்பத்தைந்து பேர் அளவில் படைவீரர்கள், உணவு தீர்ந்துகொண்டிருந்தது. உணவு மட்டும் அனுப்புகிறேன் என்று லிங்கன் தென் கரோலினா ஆளுநருக்குத் தகவல் கொடுத்தார். அந்த உணவு வந்து சேருமுன், 1861 ஏப்ரல் 12 அதிகாலை நான்கரை மணிக்கு, தெற்கின் படை வைத்திருந்த ஜான்சன் கோட்டையிலிருந்து முதல் குண்டு வந்தது. முப்பத்து நான்கு மணி நேரம் குண்டுமழை. அதில் யாரும் சாகவில்லை. நான்கு ஆண்டுகளில் செத்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல்.

நான் அதிக நேரம் நின்றது பீரங்கிகளுக்கு முன் அல்ல. பீரங்கிக் கூடத்தின் உள்சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு செங்கல்லில் மூன்று விரல்கள் பதிந்திருக்கின்றன. ஈரமாக இருந்தபோது கல்லைத் தூக்கித் திருப்பிவைத்த கை. இந்தக் கோட்டையின் செங்கற்களைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் சூளைகளில் அடிமைகள் அறுத்தார்கள், சிறுவர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். ஒன்றிய அரசின் கோட்டை, வடக்கின் கொடி பறந்த கோட்டை, அதன் சுவரும் இந்தக் கைகளால் எழுந்ததுதான். ஒரு விரலின் பதிவு ஆழமாகவும் மற்ற இரண்டும் லேசாகவும் இருக்கின்றன. ஓரங்களில் சுண்ணாம்பு உதிர்ந்து, உள்ளே செம்மண் நிறம் புதிதுபோலத் தெரிகிறது. தொடக்கூடாது என்பதால் பேரன் தன் கையைக் காற்றில் வைத்து அளந்து பார்த்தான். அவன் விரல்களை விட அந்த விரல்கள் சற்றுதான் பெரியவை. அவனுக்குப் பதினோரு வயது.

கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதவில்லை, இதுதான் இந்தப் பயணத்தின் மெய்யான குறை. உள்ளே இருக்கும் சிறிய காட்சியகத்தை நாங்கள் பாதிதான் பார்த்தோம். நாளின் முதல் படகில் போனால் கொடியேற்றவும், கடைசிப் படகில் போனால் கொடியிறக்கவும் பார்வையாளர்களைக் கூப்பிடுகிறார்கள். நாங்கள் நடுவேளைப் படகில் போனதால் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். கரைக் கண்காட்சிக்குத் தனியாக ஐந்து. நேரம் இருப்பவர்கள் அதே நாளில் சால்மர்ஸ் தெருவின் பழைய அடிமைச் சந்தைக் காட்சியகத்துக்கும் நடந்து போங்கள். தெருவில் நிறுத்தி விற்கக்கூடாது என்று நகராட்சி 1856இல் தடுத்ததும், விற்பனையைக் கட்டடத்துக்குள் கொண்டுபோன இடங்களில் ஒன்று அது. தெரு முழுக்க உருண்டைக் கல் பாவியிருப்பதால் நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். வரும் மார்ச்சில் மறுபடியும் போகிறோம், இந்த முறை முதல் படகுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.