லேமினேட் தரை சொந்தமாகப் போடுகிறீர்களா? பெட்டி மேல் இருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

லேமினேட் தரையை, அதாவது மரம் போல அச்சடித்த பலகைகளை ஒன்றோடொன்று பூட்டிப் போடும் தரையை, ஆள் வைக்காமல் தாங்களே போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு ரம்பமும் தட்டும் கட்டையும் பொறுமையும் இருந்தால் போதும். ஏமாற்று நடப்பது பலகை வாங்கும் இடத்தில். சொந்தமாகப் போடப்போகிறோம் என்று தெரிந்ததுமே சில கடைக்காரர்களுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. பின்னால் எந்தக் கோளாறு வந்தாலும் பழியை நம் தலையில் கட்டிவிடலாம் இல்லையா?

கடையில் எங்கள் கையில் கொடுத்த மாதிரித் துண்டு 8 மி.மீ. தடிமன், ஏசி4 தரம். ஏசி என்பது மேற்பரப்பு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதைச் சொல்லும் குறியீடு. வீட்டு அறைகளுக்கு ஏசி3 போதும், ஆனால் நாங்கள் கூடத்துக்குப் போடுவதால் ஏசி4 கேட்டோம். பில்லிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் பெட்டியில் இருந்த பலகைகள் அழகாகப் பூட்டிக்கொண்டன. அடுத்த பெட்டியைப் பிரித்ததும் ஆரம்பித்தது தொல்லை. பலகை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, அடுத்த பலகையின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) பாதி தூரம் போய் நின்றுவிடும். ஒரு முனையை உட்கார வைத்தால் மறுமுனை எழும்பும். எப்படியோ பூட்டிக்கொண்ட இடத்திலும், விரலால் தடவினால் நகம் தட்டும் அளவுக்கு ஒரு பலகை மேலே, ஒரு பலகை கீழே.

கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். “சுத்தியலால நல்லா பலமா தட்டுங்க, நாலு நாள் நடந்தா தானா உட்கார்ந்துடும்” என்றார். யார் இப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். இப்படி விளிம்போடு விளிம்பு பூட்டிக்கொள்ளும் கிளிக் லாக் பலகைக்குப் பலம் தேவையே இல்லை. சாய்த்து நுழைத்து அழுத்தினாலோ, கட்டை வைத்து லேசாகத் தட்டினாலோ பூட்டிக்கொள்ள வேண்டும். ஓங்கி அடித்தால் உள்ளே இருக்கும் எச்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த அட்டை) விளிம்பு நொறுங்கும், அப்புறம் அந்தப் பூட்டு எப்போதும் பிடிக்காது. ஏற்ற இறக்கத்தை இழைத்துச் சமன் செய்யவும் வழியில்லை. நாம் பார்க்கும் மர வரி அச்சடித்த காகிதம், அதன் மேல் கண்ணாடி போல ஒரு காப்புப் பூச்சு, அவ்வளவுதான். இடைவெளி விழுந்த இணைப்பில் தண்ணீர் இறங்கினால் பலகை ஊதிவிடும். ஊதினது ஊதினதுதான், பழையபடி ஆகாது.

சந்தேகம் வந்து பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர்! வேறு பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்குப் போடும் எண்), 7 மி.மீ., ஏசி3. தடிமன் அளக்கும் வெர்னியர் கருவி வைத்து அளந்தேன், 7 தான். சில பெட்டிகள் உண்மையான சரக்கு, மற்றவை மேலே ஒட்டி மறைத்த சரக்கு என்று கலந்து அனுப்பியிருக்கிறார்கள். எதை முதலில் பிரிப்போம் என்று அவர்களுக்கு என்ன கவலை?

நேரில் போய்க் கேட்டதற்கு வந்த பதில்கள்தான் இன்னும் ஆத்திரமூட்டின. “பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” “48 மணி நேரம் அறையில் வைத்து அந்த அறையின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பழக்கியிருக்க மாட்டீர்கள்.” “சுவரோரம் இடைவெளி விட்டிருக்க மாட்டீர்கள்.” பலகைகளை அறையிலேயே படுக்கவைத்திருந்தோம். சுவரைச் சுற்றி 10 மி.மீ. விட்டிருந்தோம். சிமெண்ட் தரை என்பதால், பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்தென்ற ஃபோமுக்குக் கீழே ஈரம் ஏறாமல் பாலித்தீன் ஷீட்டும் விரித்திருந்தோம். ஷீட் வேண்டாம், ஃபோமே போதும் என்று சொன்னவரும் இதே கடைக்காரர்தான்! ஒவ்வொன்றுக்கும் படம் இருந்தது. உரித்த ஸ்டிக்கரையும் மேஜையில் வைத்து, புகாரை எழுத்தில் கொடுத்த பிறகுதான் பிரிக்காத பெட்டிகளை மாற்றிக் கொடுத்தார்கள். அறுத்த பலகைகளுக்குப் பணம் வரவில்லை.

இங்கேதான் சொந்தமாகப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது. கண்ணுக்குத் தெரியும் குறை உள்ள பலகையைத் தரையில் போட்டுவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று பல நிறுவனங்களின் வாரண்டித் தாளிலேயே இருக்கும். அதனால் சரக்கு வந்து இறங்கும்போதே எல்லாப் பெட்டியின் பேட்ச் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அறுக்கும் முன் வெவ்வேறு பெட்டிகளில் இருந்து ஒவ்வொரு பலகை எடுத்து ஒன்றோடொன்று பூட்டிப் பாருங்கள். கடையில் கொடுத்த மாதிரித் துண்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் வந்த பலகையில் ஒரு துண்டையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டால், எது அதிகம் ஊதுகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

ஃபோனில் “தட்டுங்க, உட்கார்ந்துடும்” என்று யாராவது சொன்னால், அதையே மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள், இன்னொரு பலகையை அறுக்காதீர்கள்.