26,500 ரூபாவுக்கு வாங்கிய ‘256 ஜிபி’ போன்

எனக்குப் போலிப் போன் விற்ற கடையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் 25 ஆயிரம், 30 ஆயிரத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு ரச் போன் வாங்க யாழ்ப்பாணம் ரவுணுக்கு வருகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

நான் கொக்குவிலில் வீட்டோடு தையல் தைக்கிறவள். எனக்குப் போன் விளையாட்டுச் சாமான் இல்லை. கழுத்து இப்படி வேண்டும், கை இப்படி வேண்டும் என்று படம் வட்ஸ்அப்பில்தான் வரும். அளவுகளையும் தாளில் எழுதிப் போனில் படம் எடுத்துத்தான் வைத்திருப்பேன், ஏனென்றால் கொப்பியை ஒருதரம் மழை நனைத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பழைய போன் கீழே விழுந்தது. கண்ணாடி வெடித்து, திரையின் இடப்பக்கம் தொட்டால் அசைவே இல்லை. 25 நாள் திருவிழா, அதோடு ஆவணிக் கலியாணங்கள். வருடத்தில் எனக்கு வேலை குவிகிற காலம் அது. சீட்டுக் காசு 28 ஆயிரம் கையில் இருந்தது.

முதல் போன கடையில், எல்லாருக்கும் தெரிந்த ஒரு கொம்பனியின் செற் காட்டினார்கள். 4 ஜிபி ராம் (செயலிகள் ஓடுகிற தற்காலிக நினைவகம்), படங்கள் சேமிக்க 64 ஜிபி இடம், விலை 33 ஆயிரம். 5 ஆயிரம் குறைகிறதே என்று வாயைத் திறந்து சொல்ல எனக்கு வெட்கம். “பிறகு வாறன்” என்றுவிட்டு இறங்கிவிட்டேன்.

இரண்டாவது கடையில் நின்ற பெடியன் நல்ல பேச்சுக்காரன். “என்ன பட்ஜெட் அக்கா?” என்று முதலிலேயே கேட்டான். நானும் சொல்லிவிட்டேன். அதுதான் முதல் பிழை. உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தான். பெயர் போன கொம்பனி ஒன்றின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்ட மாதிரி ஒரு பெயர். பெட்டியில் கொட்டை எழுத்தில் 8 ஜிபி ராம், 256 ஜிபி, 6000 எம்ஏஎச் பற்றரி, 5ஜி, மூன்று கமரா. விலை 29,500, எனக்காக 26,500. அதோடு 128 ஜிபி மெமரி கார்ட் சும்மா.

இப்போது கணக்குப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒரு கடையில் 64 ஜிபிக்கு 33 ஆயிரம். பக்கத்துக் கடையில் அதைப்போல நாலு மடங்கு இடம், விலை 6,500 குறைவு. துணியில் யாராவது எனக்கு இப்படிச் சொல்லியிருந்தால் விரலால் கசக்கிப் பார்க்காமல் வாங்கியிருக்கமாட்டேன். போனைக் கசக்கிப் பார்க்கத் தெரியவில்லை.

தெரியாததைவிட வெட்கம்தான் கூட. எனக்குப் பின்னால் வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒரு குடும்பம் இலட்சக் கணக்கில் விலையுள்ள போன் பார்த்துக்கொண்டு நின்றது. பெடியனின் கண் முழுக்க அங்கேதான். நான் செற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, “யோசிக்காதேங்கோ அக்கா, இந்த விலைக்கு இது ரவுணிலயே கிடைக்காது” என்றான். காசு கொடுக்க முன்னமே திரைக்குக் கண்ணாடி ஒட்டிவிட்டான். பிறகுதான் சொன்னான், கண்ணாடி ஒட்டின செற்றை மாற்ற ஏலாது என்று. இந்த வேலையைக் கவனியுங்கள். வாங்குவதாக நான் இன்னும் சொல்லவேயில்லை, ஆனால் திருப்பிக் கொடுக்கிற வழி அப்போதே அடைபட்டுவிட்டது.

முதல் நாலைந்து நாள் பெரிதாகக் குறை இல்லை. மேலே மூலையில் எந்த நேரமும் 5ஜி என்று காட்டும். எங்கள் கிணற்றடியில் நின்றாலும் 5ஜி. ஆனால் ஒரு பிளவுஸ் படம் இறங்க நான் ஒரு கை வெட்டி முடித்துவிடலாம். பக்கத்து வீட்டு வைஃபையில்தான் ஓரளவு ஓடியது. பிறகு வட்ஸ்அப்பைத் திறந்தால் தானாக மூடியது. பிறகு “இடம் போதாது” என்று வந்தது. செற்றிங்ஸில் போய்ப் பார்த்தால் 230 ஜிபி சும்மா கிடக்கிறது என்று அதே போன் சொல்கிறது. சரி, நமக்குத்தான் விளங்கவில்லை என்று, கடைக்காரன் தந்த மெமரி கார்டில் படங்கள் விழும்படி மாற்றி வைத்தேன்.

திருவிழா தொடங்கி மூன்றாம் நாள் ஒருவரின் அளவை எடுக்கப் படத்தைத் திறந்தேன். மேல் கால்வாசிதான் படம். “தோள் 14, மார்பு 3” என்கிறது வரைக்கும் என் எழுத்து தெரிகிறது. அந்த 3க்குப் பக்கத்து இலக்கத்திலிருந்து கீழே முழுக்கச் சாம்பல் நிறம், சிமெந்து பூசின மாதிரி. அடுத்த படம், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. மொத்தம் 11 பேரின் அளவு போய்விட்டது. அதில் ஒருவர் சட்டை தைக்கச் சொல்லிவிட்டு வவுனியாவுக்குப் போயிருந்தார். போனில் கூப்பிட்டு, அவருடைய மகளை அளவு நாடா பிடிக்கச் சொல்லி வெட்டின பிளவுஸ் அது. கை இறுக்கம் என்று திரும்பி வந்தது.

அக்காவின் மகன் கம்பஸில் கொம்பியூட்டர் படிக்கிறான். செற்றைக் கையில் வாங்கி நிறையைப் பார்த்துவிட்டு, “சித்தி, 6000 பற்றரி எண்டால் இந்த நிறை காணாதே” என்றான். அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் அந்தக் கடையில் நின்று நானே செய்திருக்கக்கூடிய வேலைதான்.

சார்ஜரில் 5 வோல்ட் 1 அம்பியர் என்று போட்டிருந்தது. அந்தச் சார்ஜரால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1000 எம்ஏஎச்தான் ஏற்றலாம். அப்படியென்றால் 6000 நிரம்ப ஆறு மணித்தியாலம் அளவில் வேண்டும். என்னுடையது இரண்டேகால் மணித்தியாலத்தில் நிறைந்துவிடும். நானோ கெதியாக ஏறுகிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன்! கமராவை ரோச் அடித்துப் பார்த்தான். ஒன்றுக்குள்தான் கண்ணாடி வில்லை இருந்தது, மற்ற இரண்டும் கறுப்பு வட்டம் மட்டும். மலிவான நல்ல கொம்பனிச் செற்றிலும் மூன்றாவது கமரா பெயருக்குத்தான் என்றான், ஆனாலும் உள்ளே ஏதாவது இருக்குமாம்.

பிறகு போனின் உள்விபரம் காட்டுகிற செயலி ஒன்றை ஏற்றினான். அது கடைக்காரப் பெடியன் சொன்னதையே ஒப்புவித்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அக்காவின் மகன் விடவில்லை. சில செயலிகளையும் ஏமாற்றத்தக்கதாகத்தான் இந்த செற்றுகளின் சொப்ட்வெயாரைச் செய்வார்கள் என்று டிவைஸ் இன்போ எச்டபிள்யூ என்ற இன்னொன்றைப் போட்டான். அதில் உண்மை வந்தது. ராம் 1 ஜிபி, இடம் 8 ஜிபி, போனின் மூளையான சிப் மீடியாடெக் எம்டி6580. அந்தச் சிப் 2015 காலத்தது, 3ஜிக்கு மேல் அதற்கு வராது. 5ஜி இருக்கட்டும், 4ஜியே இல்லை. மூலையில் தெரிந்தது வெறும் படம். அன்ட்ரொயிட் 13 என்று செற்றிங்ஸ் சொன்னது. ஆனால் சின்ன போன்களுக்கென்று கூகிள் விடுகிற கோ பதிப்பைக்கூட, 13இலிருந்து குறைந்தது 2 ஜிபி ராமும் 16 ஜிபி இடமும் உள்ள செற்றுக்குத்தான் கொடுக்கிறார்கள். 1 ஜிபியில் அது எப்படி ஓடும்? போன் பற்றிய விபரத்தில் கேர்னல் (அன்ட்ரொயிட்டின் அடி மென்பொருள்) என்று ஒரு வரி இருக்கிறது, அதன் கடைசியில் ஒரு திகதி வரும். பெயரை மாற்றினவர்கள் அதை மாற்ற மறந்துவிட்டார்கள் போல. 2018 என்று கிடந்தது.

மெமரி கார்டைக் கொம்பியூட்டரில் போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் நிரப்பிப் பார்த்தான். 128 என்று பெயர், உண்மையில் 8 ஜிபி கூட இல்லை. இந்தக் கார்டுகள் நிரம்பினதும் நிரம்பிவிட்டது என்று சொல்லாது, மேலும் மேலும் வாங்கிக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பது அழியும். என் அளவுகளுக்கு வந்த சாம்பல் நிறம் அதுதான். போன் மோசம் என்றால் காசோடு போய்விட்டது. இலவசமாகத் தந்த கார்டுதான் என் வாடிக்கையாளர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். அதே பெடியன். “அக்கா, நீங்கள் கண்டபடி ஆப் போட்டிருக்கிறியள்” என்றான். முதலாளி வந்து, “வித்த சாமான் நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை, வேணுமெண்டால் இதுக்கு 9 ஆயிரம் கழிச்சு வேறை எடுங்கோ” என்றார். பில்லைக் காட்டினேன். அதில் “போன் 1, 26,500” என்று மட்டும் இருந்தது. மொடல் இல்லை, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கிற ஐஎம்இஐ இலக்கமும் இல்லை. வாரண்டி என்று கீழே எழுதியிருந்தது ஏழு நாள் கடை வாரண்டி. நான் போனது பதினாறாம் நாள். நாலு பேர் பார்க்க அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் இறங்கி வந்துவிட்டேன்.

ஐஎம்இஐ என்று சொன்னேனே, இதுதான் எல்லாவற்றிலும் சுகமான சோதனை. போனில் *#06# அடித்தால் 15 இலக்கம் வரும். அது பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு IMEI என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த செற்றா என்று பதில் வரும். என் பெட்டி இலக்கத்துக்குப் பதிந்தது என்று வந்தது, போனில் வந்த இலக்கத்துக்கு இல்லை என்று வந்தது. பெட்டியில் வேறு ஏதோ நல்ல செற்றின் இலக்கத்தை ஒட்டியிருக்கிறார்கள். அதனால் பெட்டியைப் பார்த்து அனுப்பாதீர்கள், திரையைப் பார்த்து அனுப்புங்கள். ஆணைக்குழுவின் அனுமதி இல்லாத செற்றுகளை வலையமைப்பில் சேர விடமாட்டோம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தும் இருக்கிறார்கள், ஆகவே இது காசு மட்டும் போகிற விசயமில்லை.

இன்னொன்று, பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, செற்றிங்ஸில் அபௌட் பகுதிக்குப் போனால், கூகிள் ஒப்புக்கொண்ட செற்றா என்று காட்டுகிற பிளே புரொடெக்ட் சான்று என்று ஒரு வரி இருக்கும். சான்று பெற்ற செற் என்று அங்கே வராவிட்டால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பார்க்கக் கடை வைஃபை போதும். தரமாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான். பெட்டியில் “8+8” என்று ராமைக் கூட்டி எழுதியிருந்தால் பின்னால் உள்ள 8 ராமே இல்லை, சேமிக்கிற இடத்தில் ஒரு துண்டை ராம் போலப் பாவிக்கிறது. இதை நல்ல கொம்பனிகளும் செய்கின்றன, களவு என்று சொல்ல ஏலாது, ஆனால் காசு கொடுக்கும்போது முன்னால் உள்ள இலக்கத்தை மட்டும் பாருங்கள். திரைக்குக் கண்ணாடி ஒட்ட வந்தால் கையைப் பிடித்து நிற்பாட்டுங்கள்.

முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இது பலருக்குத் தெரியாது. கேட்டால் ரசீது தரவேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறதாம். எனக்கு ரசீது தந்தார்கள்தான், ஆனால் என்ன போன் என்று அதில் இல்லாததால் நான் கொண்டுபோனது அவர்கள் விற்ற செற்தான் என்று காட்டுவதே இப்போது என் தலையில் விழுந்த வேலை. அக்காவின் மகன் அந்தச் செயலியில் வந்ததையெல்லாம் படம் எடுத்து அச்சடித்துத் தந்தான், அதையும் இணைத்திருக்கிறேன்.

தைக்கிறவளுக்குப் போன் இல்லாமல் முடியாது. அந்த முதல் கடைக்குத் திரும்பப் போனேன். இந்தமுறை வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டு, 15 ஆயிரம்தான் இருக்கிறது, மிச்சம் திருவிழா முடியத் தருகிறேன் என்று கேட்டேன். அவர் என் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு, “அதுக்கென்ன அக்கா” என்றார். நான் கேட்காமலே பில்லில் மொடலையும் இரண்டு சிம்முக்கும் உரிய இரண்டு ஐஎம்இஐ இலக்கத்தையும் எழுதினார். 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, பதில் வரும்வரை அவர் கடைக்குள்ளேயே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை, கதிரையை இழுத்துப் போட்டார்.

பழைய செற், பெட்டி, சார்ஜர், அந்தக் கார்ட் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் அலுமாரிக்குள் இருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் அப்படியே கொண்டுபோக வேண்டும். சின்னவன் விளையாடக் கேட்கிறான், கொடுக்கவில்லை.